மாரத்தானுக்கு முந்தைய வாரத்துத் தொந்தரவுகள்: அறிகுறி, காரணம், தீர்வு

பந்தயத்துக்கு முந்தைய ஏழு நாட்களில் உடம்பில் புதிய தெம்பு எதுவும் ஏறப்போவதில்லை. இன்றைக்குக் கடுமையாக ஓடினால் அதன் பலன் கிடைக்க ஏறக்குறைய பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். களைப்போ மறுநாள் காலையிலேயே வந்து நிற்கும். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் கடைசி வாரத்துக் குழப்பங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். வரும் தொந்தரவுகள் பெரும்பாலும் சின்னவை. பதறிப்போய் அவற்றுக்குச் செய்யும் வைத்தியம்தான் ஓட்டத்தைக் கெடுக்கிறது: சந்தேகம் தீர்த்துக்கொள்ள இன்னொரு நீண்ட ஓட்டம், புது ஷூ, பழக்கமில்லாத மாத்திரை, அழுத்திப் பிடித்துவிடும் மசாஜ்.

உங்களுக்கு எந்தத் தொந்தரவு இருக்கிறதோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## ஓடவே கூடாத நிலைகள்

இவற்றில் ஒன்று இருந்தாலும் பந்தயத்தை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

- காய்ச்சல், அல்லது காய்ச்சலோடு சேர்ந்த உடம்புவலி. வைரஸ் தொற்று இருக்கும்போது கடுமையாக ஓடினால் இதயத் தசையில் அழற்சி வரக்கூடும். காய்ச்சல் மாத்திரை போட்டுச் சூட்டைக் குறைத்துக்கொண்டு ஓடுவது இன்னும் ஆபத்து.
- நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம், சும்மா இருக்கும்போதே இதயம் தாறுமாறாக அடிப்பது.
- பந்தயத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து, சாப்பிட்டதும் குடித்ததும் உடம்பில் தங்காமல் போவது.
- ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிப்பது. நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்து வந்தவர்களுக்கு இது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே பார்க்க வேண்டும்.
- எலும்பின் மேல் விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் சுரீரென்ற வலி. இதைப் பற்றி அடுத்து வரும் வலிப் பகுதியில் விரிவாக இருக்கிறது.

## புதிதாக எங்கோ வலிக்கிறது

நேற்றுவரை இல்லாத முழங்கால் வலி இன்று வந்திருக்கும். நாளைக்கு அது குதிகாலுக்குப் போகும், மறுநாள் இடுப்புக்கு. ஓட்டத்தைக் குறைக்கும் டேப்பர் காலத்தில் இது மிகச் சாதாரணம். வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோது கவனிக்க நேரமில்லாத சின்னச் சின்ன உணர்வுகளை இப்போது மனம் உட்கார்ந்து ஆராய்கிறது. கூடவே பல வாரமாகச் சேர்ந்த சிறு தேய்மானங்களை உடம்பு சரிசெய்துகொண்டிருக்கிறது.

இது மனப்பிராந்தியா, நிஜக் காயமா என்று பிரித்துப் பார்க்க ஒரு வரிசை உண்டு.

1. ஒரே விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டுங்கள். உள்ளங்கையால் பொத்தாம்பொதுவாகத் தடவிக் காட்டும் வலி பெரும்பாலும் தசை இறுக்கம்.
2. அந்த இடத்தில் எலும்பை மெல்ல அழுத்துங்கள். முன்காலின் உட்பக்க எலும்பு, பாதத்தின் மேற்பகுதி இரண்டிலும் அழுத்தினால் துள்ள வைக்கும் புள்ளி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் ஓடக்கூடாது.
3. அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தக் காலில் மட்டும் நின்று ஐந்தாறு முறை மெதுவாகக் குதியுங்கள். குதிக்கும்போது வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.
4. வலிக்கவில்லையென்றால் 15 நிமிடம் மெல்ல ஓடுங்கள். ஓட ஓட வலி மறைந்தால் கவலையில்லை. ஓட ஓடக் கூடினாலோ, உங்களை அறியாமல் நடையை மாற்றி நொண்ட வைத்தாலோ அது நிஜமான காயம்.

நான்காவது படியில் சிக்கியவர்கள் இரண்டு நாள் முழு ஓய்வு எடுத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யலாம். அதற்குள் பிசியோதெரபிஸ்டைப் பார்க்க முடிந்தால் நல்லது. அழுத்தமான மசாஜ் வேண்டுமென்றால் பந்தயத்துக்கு நான்கு நாளுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு செய்தால் கால் அடிபட்டதுபோல் இரண்டு நாள் வலிக்கும்.

வலி மாத்திரை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைப் பந்தய நாளில் போடாதீர்கள். வெயிலில் நீரிழந்து ஓடும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த மாத்திரைகள் அதை இன்னும் குறைக்கும். வயிற்றையும் புண்ணாக்கும். போதாக்குறைக்கு, நிறுத்தச் சொல்லும் வலியை மறைத்து உங்களை ஓட வைக்கும்.

## கால் கனக்கிறது, மெல்ல ஓடினாலே மூச்சு வாங்குகிறது

ஓட்டம் குறையும்போது தசைகள் கிளைகோஜனை, அதாவது ஓட்டத்துக்கு எரிபொருளாகும் மாவுச்சத்தை, சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்கிறது. அதனால்தான் கால் நிறைந்ததுபோல் கனக்கிறது. இது நல்ல அறிகுறி. மந்தமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், சிலர் டேப்பர் என்றால் படுத்தே கிடப்பது என்று நினைத்துவிடுவது. குறைக்க வேண்டியது மொத்தத் தூரத்தைத்தான்: வழக்கத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை. எத்தனை நாள் ஓடுகிறோம், நடுவில் கொஞ்சம் வேகம் என்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கு மூன்று, இரண்டு நாள் இருக்கும்போது 20 முதல் 30 நிமிடம் மெல்ல ஓடிவிட்டு, கடைசியில் 15 முதல் 20 நொடி நேரத்துக்கு நான்கு முறை வேகமாக ஓடுங்கள். முழு மூச்சில் பாய வேண்டாம்; சீரான உடலசைவோடு நீட்டி ஓடினால் போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றரை நிமிடம் நடை. கால் விழித்துக்கொள்ளும். அன்றும் கனமாகவே இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அதை வைத்துப் பந்தயத்தைக் கணிக்க முடியாது.

## தொண்டை கரகரக்கிறது, மூக்கு ஒழுகுகிறது

கழுத்துக்கு மேலே மட்டும் என்றால் (மூக்கு ஒழுகல், லேசான தொண்டை எரிச்சல்) ஓய்வெடுத்துவிட்டு ஓடலாம். கழுத்துக்குக் கீழே இறங்கினால், அதாவது மார்புச் சளி, ஆழ்ந்த இருமல், உடம்புவலி என்றால், ஓடக்கூடாது. காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட 10 துடிப்பு கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால், கூடவே அசதியும் இருந்தால், உடம்பு எதையோ எதிர்த்துப் போராடுகிறது என்று பொருள். அன்றைய ஓட்டத்தை விட்டுவிடுங்கள். பந்தயத்துக்கு முந்தைய நாள் மட்டும் கூடினால் அது பெரும்பாலும் பதற்றம்.

## தூக்கம் வரவில்லை

முந்தைய இரவு நன்றாகத் தூங்குபவர்கள் குறைவு. ஒரே ஒரு இரவு தூக்கம் கெட்டால் நீண்ட ஓட்டத் திறன் பெரிதாகக் குறைவதில்லை. ஓடுவது கொஞ்சம் கூடுதல் சிரமமாகத் தோன்றும், அவ்வளவுதான். அதற்கு முந்தைய மூன்று, நான்கு இரவுகள்தான் முக்கியம். ஞாயிறு பந்தயம் என்றால் புதன் முதல் வெள்ளிவரை வழக்கத்தைவிட அரை மணி, ஒரு மணி நேரம் முன்பாகவே படுத்துவிடுங்கள்.

சனி இரவு ஒன்பது மணிக்கே படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்க வேண்டாம். வழக்கமான நேரத்துக்கு அரை மணி முன்பு போதும். இரண்டு அலாரம் வைத்து, ஒன்றைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். “எழாமல் போய்விடுவேனோ” என்ற பயம்தான் பாதித் தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுத்திருங்கள், காலுக்கு ஓய்வு கிடைக்கும். புதிதாகத் தூக்க மாத்திரை வேண்டாம்; காலையில் அதன் மந்தம் போகாது.

## எடை ஒரு கிலோ ஏறிவிட்டது, வயிறு உப்புகிறது

சரியாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். கிளைகோஜனும் அதோடு சேரும் தண்ணீரும் ஒன்று முதல் இரண்டு கிலோவரை காட்டும். பயந்து அடுத்த வேளையைக் குறைத்தால் பிற்பாதியில் தசை காலியாகும்.

கடைசி 36 முதல் 48 மணி நேரத்தில் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு 600 கிராம். இது காகிதத்தில் சின்ன எண், தட்டில் பெரிய குவியல். ஒரு நாளைக்கான கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

- வெந்த வெள்ளைச் சோறு 900 கிராம், மூன்று வேளையாக: 250 கிராம்
- வெள்ளை ரொட்டி 6 துண்டு: 85 கிராம்
- வாழைப்பழம் 4: 100 கிராம்
- தோலுரித்த வேகவைத்த உருளைக்கிழங்கு 300 கிராம்: 55 கிராம்
- பழச்சாறு அரை லிட்டர்: 50 கிராம்
- தேனோ ஜாமோ 3 மேசைக்கரண்டி: 45 கிராம்

கூட்டினால் 585. பலர் தவறுவது இங்கே ஒரு இடத்தில்தான்: மாவுச்சத்தைக் கூட்டுகிறோம் என்று வறுத்ததையும் பொரித்ததையும் இனிப்புப் பலகாரத்தையும் சேர்த்துவிடுவது. கொழுப்பு வயிற்றை அடைத்துவிடும். மாவுச்சத்துக்கு இடம் இருக்காது. இந்த இரண்டு நாளுக்கு மட்டும் கீரை, பருப்பு, முழுதானியம், பச்சைக் காய்கறியையும் குறைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் உடம்புக்கு நல்லதான நார்ச்சத்து பந்தய நாளில் குடலில் எடையாகவும் வாயுவாகவும் நிற்கும். உப்பல் தாங்கவில்லையென்றால் வேளைக்கு அளவைக் குறைத்து ஆறேழு முறையாகச் சாப்பிடுங்கள், ஒரு பங்கைச் சாறாகக் குடியுங்கள். முந்தைய இரவு வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். அன்று மதியச் சாப்பாடு பெரியதாகவும் இரவுச் சாப்பாடு சின்னதாகவும், படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பாகவும் இருக்கட்டும்.

## காலையில் சாப்பாடு இறங்கவில்லை, வயிறு கலக்குகிறது

பதற்றத்தில் இரத்தம் குடலிலிருந்து தசைக்குப் போகிறது. செரிமானம் மந்தமாகும், பெருங்குடல் மட்டும் வேகமெடுக்கும். அடிக்கடி சிறுநீர் வருவதும் இதனால்தான். நிறையத் தண்ணீர் குடித்ததன் அடையாளம் என்று கொள்ள வேண்டாம்.

தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பு, கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கில் மாவுச்சத்து எடுங்கள். அறுபது கிலோவுக்கு 120 கிராம்: நான்கு துண்டு ரொட்டி, 2 மேசைக்கரண்டி தேன், ஒரு பெரிய வாழைப்பழம். மென்றால் குமட்டுகிறது என்றால் அதே அளவைச் சாறாகவோ விளையாட்டுப் பானமாகவோ ஒரு மணி நேரத்துக்குப் பரப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இரவில் கல்லீரலின் கிளைகோஜன் பெருமளவு கரைந்திருக்கும், வெறும் வயிற்றில் நிற்கக் கூடாது.

தண்ணீர், தொடங்குவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. போதும், அறுபது கிலோவுக்கு 300 முதல் 600 மி.லி. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. தண்ணீர் நிறமாக வரும்வரை குடிப்பது தவறு. அளவுக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், தலைவலி, குழப்பம், முற்றினால் வலிப்புவரை போகும். மெதுவாக ஓடி ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிப்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். ஓடும்போது தாகத்துக்குக் குடியுங்கள்.

காபி வழக்கமாகக் குடிப்பவர்கள் இந்த வாரம் நிறுத்த வேண்டாம், தலைவலிதான் மிஞ்சும். வழக்கமில்லாதவர்கள் அன்று தொடங்க வேண்டாம். கழிப்பறை வரிசைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியே வந்ததும் மறுபடி வரிசையின் கடைசியில் நின்றுகொள்வது அனுபவசாலிகள் செய்வது.

## பயிற்சி போதவில்லை என்று தோன்றுகிறது

இந்த எண்ணத்துக்குக் காலால் பதில் சொல்ல முடியாது, கணக்கால்தான் முடியும். உங்கள் பயிற்சிக் குறிப்பை எடுத்து கடைசி பன்னிரண்டு வாரத்தில் ஓடிய தூரத்தை வாரவாரியாக எழுதுங்கள். தவறவிட்ட நாட்கள் பூதாகாரமாகத் தெரிந்தது குறையும். நிஜமாகவே இரண்டு மூன்று நீண்ட ஓட்டங்கள் தவறியிருந்தால் இலக்கு நேரத்தை மாற்றுங்கள். அண்மையில் ஓடிய அரை மாரத்தான் நேரத்தை இரட்டித்து, நல்ல பயிற்சி இருந்தால் 10 நிமிடமும், குறைவாக இருந்தால் 20 நிமிடமோ அதற்கு மேலோ கூட்டுங்கள். பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது இலக்கை மாற்றுவது நிதானம். அதே மாற்றம் 32-வது கிலோமீட்டரில் நடந்தால் அது வேதனை.

நான்கு மணி நேர இலக்குக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி. நாலரைக்கு 6:24. ஐந்துக்கு 7:06. கைக்கடிகாரம் காட்டுவதை மட்டும் நம்பினால் இலக்கு தவறும். பந்தயப் பாதையை ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளக்கிறார்கள், குறைந்துவிடக் கூடாதென்று 0.1 சதவீதம், அதாவது சுமார் 42 மீட்டர், கூட்டியும் வைக்கிறார்கள். வளைவுகளில் நீங்கள் ஓடும் கூடுதல் தூரமும் ஜிபிஎஸ் பிழையும் சேர்ந்தால் கடிகாரத்தில் 42.6 கி.மீ. வரை வரலாம். அந்தத் தூரத்தை நான்கு மணி நேரத்தில் முடிக்கக் கடிகாரம் 5:38 காட்ட வேண்டும். அந்த மூன்று நொடியை முன்பே கணக்கில் வையுங்கள், அல்லது ஒவ்வொரு 5 கி.மீ. பலகைக்கும் வரவேண்டிய நேரத்தைச் சிறு தாளில் எழுதிக் கையில் ஒட்டுங்கள்.

ஓடும்போது எடுக்கும் மாவுச்சத்து ஜெல்லையும் இதே தாளில் எழுதலாம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொது அளவு. 25 கிராம் மாவுச்சத்துள்ள ஜெல்லை 30 நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் நான்கு மணி நேர ஓட்டத்துக்கு ஏழு வேண்டும். முதல் ஜெல்லைப் பசிக்கும் முன்பே, அரை மணியில் எடுத்துவிடுங்கள். பயிற்சியில் சாப்பிடாத ஜெல்லைப் பந்தயத்தில் திறக்காதீர்கள்.

## வெயில் அடிக்கும் என்கிறது வானிலை அறிக்கை

நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்ப்பதால் வெயில் குறையாது. ஓட்டத்துக்கு 7 முதல் 15 டிகிரி செல்சியஸ் உகந்தது. அதற்கு மேல் போகப்போகத் தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் தேவைப்படுவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். 20 டிகிரிக்கு மேல் என்றால் முதல் கிலோமீட்டரிலிருந்தே கிலோமீட்டருக்கு 10 முதல் 20 நொடி மெதுவாக ஓடத் திட்டமிடுங்கள். ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். வெளிர்நிறத் தொப்பி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர். நடுங்கினாலோ, வியர்வை நின்றாலோ, தடுமாறினாலோ உடனே நின்று மருத்துவ உதவி கேளுங்கள்.

## ஷூ கடிக்கிறது, தோல் உராய்கிறது

பந்தய ஷூ 40 கிலோமீட்டராவது ஓடிப் பழகியதாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கியது இன்னும் பெட்டியில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும், பழைய ஷூவில் ஓடுங்கள். கால் நகத்தை நான்கைந்து நாள் முன்பே நேராக வெட்டுங்கள். முந்தைய இரவு வெட்டி, ஓரத்தில் ஆழமாகப் போய்விட்டால் ஆற நேரமிருக்காது. வழக்கமாகக் கொப்புளம் வரும் இடத்தில் துத்தநாக ஆக்சைடு டேப்பை, மூலைகளை வட்டமாக வெட்டி, காய்ந்த சுத்தமான தோலில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். எண்ணெயோ ஜெல்லியோ தடவிய இடத்தில் டேப் பிடிக்காது. அக்குள், தொடையிடுக்கு, விளையாட்டு பிராவின் பட்டைக்கோடு ஆகிய இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். ஆண்கள் முலைக்காம்பில் டேப் ஒட்டிக்கொள்ளாவிட்டால் 25-வது கிலோமீட்டருக்கு மேல் சட்டையில் இரத்தம் தெரியலாம்.

## மாதவிடாய் அன்றைக்கே வரும்போல் இருக்கிறது

வந்தாலும் ஓடலாம். நீண்ட ஓட்டத்தில் ஏற்கெனவே பயன்படுத்திய நாப்கினோ, டாம்பானோ, கப்போ மட்டும். உபரியாக ஒன்றை உறையில் போட்டு இடுப்புப் பையில் வையுங்கள். வலிக்கு, மேலே சொன்ன காரணத்தால், ஐபுப்ரோஃபென் வகையைத் தவிர்த்து, பாராசிட்டமால் ஒத்துக்கொள்பவர்கள் குறித்த அளவில் எடுக்கலாம். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடைசி வாரத்தில் தானாகத் தொடங்க வேண்டாம்.

## எதையோ மறந்துவிட்டதுபோல் இருக்கிறது

முந்தைய மாலை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, அணியும் வரிசையில் வையுங்கள். பிப்பை (பந்தய எண் அட்டையை) நான்கு ஊக்குகளால் சட்டையில் அப்போதே குத்திவிடுங்கள். நேரத்தைப் பதியும் டைமிங் சிப் அதன் பின்புறம் ஒட்டியிருந்தால் மடிக்கக் கூடாது. பிப்பின் பின்னால் அவசரத் தொடர்பு எண்ணையும் மருந்து ஒவ்வாமையையும் எழுதுங்கள். கடிகாரத்தில் சார்ஜ் நிறையட்டும், தானாக நிற்கும் வசதியை அணைத்துவிடுங்கள், மென்பொருள் புதுப்பிப்பை அன்றிரவு தொடாதீர்கள். காத்திருக்கும்போது குளிராமல் இருக்க, தொடக்கத்தில் கழற்றிப் போடக்கூடிய பழைய சட்டை ஒன்று.

## தொடக்கக் கோட்டில் நெஞ்சு படபடக்கிறது

அட்ரினலின் வேலை செய்கிறது. அடக்க முயன்றால் கூடும். நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி வாயால் விடுங்கள். மூன்று நிமிடம் செய்தால் துடிப்பு இறங்குவது தெரியும். “பயமாக இருக்கிறது” என்பதை “உடம்பு தயாராகிறது” என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிலையிலும் உடம்பில் நடப்பது ஏறக்குறைய ஒன்றே. மனதில் திரும்பத் திரும்ப வரும் பயங்களுக்கு முந்தைய நாளே விடை எழுதி வைத்திருந்தால் இங்கே பெரிய உதவி: ஷூ கயிறு அவிழ்ந்தால் ஓரமாக நின்று கட்டுவேன், ஜெல் விழுந்தால் அடுத்த பந்தலில் பானம் எடுப்பேன், பக்கவாட்டில் குத்தினால் ஒரு நிமிடம் நடப்பேன்.

## முதல் கிலோமீட்டர் சிரமமே தெரியவில்லை

இதுவும் கோளாறுதான், இருப்பதிலேயே விலை கூடியது இதுதான். டேப்பரால் கால் புத்துணர்வாக இருக்கிறது, அட்ரினலின் சிரமத்தை மறைக்கிறது, சுற்றிலும் எல்லோரும் முந்துகிறார்கள். வேகம் கூடும்போது கிளைகோஜன் செலவும் வேகமாகக் கூடும், அந்தக் கணக்கு 30 கி.மீ. தாண்டித்தான் தெரியும். முதல் இரண்டு கிலோமீட்டரை இலக்கைவிடக் கிலோமீட்டருக்கு 10 நொடி மெதுவாக ஓடுங்கள். 5 கி.மீ. பலகையில் திட்டத்தைவிட ஒரு நிமிடம் முன்னால் இருந்தால் சட்டென்று பிரேக் போட வேண்டாம். அடுத்த கிலோமீட்டருக்குள் இலக்கு வேகத்துக்கு இறங்கி அதிலேயே நில்லுங்கள். முந்திக் கிடைத்த அந்த ஒரு நிமிடத்தைத் தண்ணீர்ப் பந்தல்களில் நடந்து குடிக்கச் செலவிடுங்கள்.